கொடைக்கானல் வீட்டு ஹாலில் ஒரு பாட்டு வட்டம்: அமெரிக்கானா முறையில் நடத்துவது எப்படி

புதுசாக ஒரு பாட்டு எழுதி, கிட்டாரில் வாசித்துப் போனில் பதிவு செய்து பத்து பேருக்கு அனுப்பியிருப்பீர்கள். எல்லோரும் கட்டைவிரல் ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். பாட்டு தேறுமா தேறாதா என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. சத்தமில்லாத ஒரு அறையில், நாலடி தூரத்தில் ஆட்களை உட்கார வைத்துப் பாடிப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு ஓட்டல் மேடை சரிப்படாது, சாப்பிட வந்தவர்கள் தெரிந்த சினிமாப் பாட்டைத்தான் கேட்பார்கள், அதில் தப்பும் இல்லை. வீட்டு ஹால் போதும்.

இந்த முறையை நான் எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்திலிருந்து. அங்கே ப்ளூபேர்ட் கஃபே என்று ஒரு சின்ன இடம், 1982-ல் திறந்தது, வரிசைக் கடைகளுக்கு நடுவில் அதுவும் ஒரு கடை, சுமார் 90 பேர்தான் உட்கார முடியும். 1985-ல் பாட்டு எழுதுகிற சிலர் அங்கே மேடையை விட்டு இறங்கி, அறையின் நடுவில் ஒருவரையொருவர் பார்த்தபடி வட்டமாக உட்கார்ந்து, முறை வைத்து ஆளுக்கொரு பாட்டாகப் பாட ஆரம்பித்தார்கள். கேட்கிறவர்கள் அவர்களைச் சுற்றி. யாராவது பேசினால் 'உஷ்' என்று அடக்கிவிடுவார்கள், அந்த இடம் பெயர் வாங்கியதே அதற்காகத்தான். கன்ட்ரி, ஃபோக், ப்ளூஸ், சர்ச் பாட்டு எல்லாவற்றின் வேரும் கலந்த இசைக்கு அமெரிக்கானா என்று பெயர்; 1999-ல் அதற்கென்று ஒரு சங்கம் வந்தது, 2010-லிருந்து கிராமியில் தனி ஆல்பம் விருதும் இருக்கிறது. எழுதியவரே பாடுவது, கையில் ஒரு கிட்டார், சொல் தெளிவாகக் காதில் விழுவது, இந்த மூன்றும் நமக்குப் போதும்.

முதலில் கொஞ்சம் கேளுங்கள். அமெரிக்கானா பாடகர் ஜேசன் இஸ்பெல் 2025-ல் வெளியிட்ட ஆல்பத்தில் அவர் குரலையும் 1940-ல் செய்த ஒரே ஒரு மார்ட்டின் கிட்டாரையும் தவிர வேறு எதுவும் கிடையாது. எங்கே மூச்சு விடுகிறார், எங்கே வாசிப்பைக் குறைத்துச் சொல்லை மேலே விடுகிறார் என்று மட்டும் கவனியுங்கள். கில்லியன் வெல்ச், டேவிட் ராலிங்ஸ் இருவரும் ஆளுக்கொரு கிட்டாரோடு பெரிய அரங்கத்தையே கட்டிப்போடுவார்கள். 2020 மார்ச்சில் சூறாவளி அவர்களுடைய ஸ்டூடியோவின் கூரையைப் பிய்த்தது, 2024-ல் அந்த ஸ்டூடியோவின் பெயரையே வைத்து ஆல்பம் கொண்டுவந்தார்கள். தெருவில் பாடி வளர்ந்த சியரா ஃபெரெல் 2025-ல் அமெரிக்கானா ஆல்பத்துக்கான கிராமி வாங்கினார். இவர்கள் எல்லோரின் நேரடி நிகழ்ச்சி வீடியோக்களையும் பாருங்கள், ஸ்டூடியோ பதிவைவிட அதில்தான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அங்கே நடக்கிற நிகழ்ச்சியை நேரலையாகவே கேட்க வேண்டும் என்றால் நாஷ்வில்லில் சனி இரவு ஏழு மணி நமக்கு ஞாயிறு காலை ஐந்தரை, அவர்களுடைய குளிர்காலத்தில் ஆறரை. அடுப்பில் பால் வைக்கும் நேரம்தான்.

சரி, ஆட்கள். பாடுகிறவர்கள் மூன்று பேர், அதிகம் போனால் நான்கு. கேட்க வருகிறவர்கள் பதினைந்து. ஆளுக்கு நாலு பாட்டு என்றால் பேச்சோடு சேர்த்து ஒன்றரை மணி நேரம் வரும், அதற்கு மேல் இழுக்காதீர்கள். கீழே வத்தலக்குண்டு, மதுரைப் பக்கமிருந்து சொந்த வண்டியில் யாராவது பாட வருகிறார்களென்றால் கொடைக்கானலுக்குள் வர இ-பாஸ் எடுக்கச் சொல்லிவிடுங்கள், 2024 மே 7 முதல் இருக்கிற ஏற்பாடு; பஸ்ஸில் வந்தால் அந்தக் கவலை இல்லை. நாலு மணிக்கு ஆரம்பித்து இருட்டும்போது முடித்தால் நாயுடுபுரத்துக்கும் அட்டுவம்பட்டிக்கும் திரும்புகிறவர்களுக்கு வசதி.

மாதம் ரொம்ப முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம். எங்கள் முதல் வட்டத்தை நவம்பரில் தகரக் கூரை போட்ட வீட்டில் வைத்தோம். இரண்டாவது பாட்டில் மழை பிடித்தது, பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை, முக்கால் மணி நேரம் எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஜனவரி, பிப்ரவரி நல்லது. குளிர் கடுமையாக இருக்கும், ஆனால் வானம் தெளிவு.

குளிரில் கிட்டார் படுத்தும். வெளியே இருந்து கொண்டுவந்து உடனே சுதி சேர்க்காதீர்கள், அறைச் சூட்டில் கம்பி தளர்ந்து சுதி இறங்கிவிடும். அரை மணி நேரம் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு அப்புறம் சேருங்கள். மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து மேல்பலகை உப்பும், கம்பி உயர்ந்து விரல் வலிக்கும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு வையுங்கள். விரல் விறைத்தால் வாசிப்பு ஓடாது, ஒரு டம்ளர் சுக்குக் காபியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாலே பாதி சரியாகிவிடும்.

மைக் வைக்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். மைக் வந்துவிட்டால் கேட்கிறவர் பின்னால் சாய்ந்து உட்காருவார், மைக் இல்லாவிட்டால் முன்னால் குனிவார். தரையில் ஜமுக்காளம், சன்னலுக்குக் கம்பளி, எதிரொலி அடங்கிவிடும். ஃப்ரிட்ஜை அணைத்துவிடுங்கள், அந்த உறுமல் பேச்சுக்கு நடுவில் தெரியாது, மெதுவான பாட்டில் நன்றாகத் தெரியும். எவர்சில்வர் டம்ளர் தரையில் படும் சத்தமும் அப்படித்தான், அதனால் கேட்கிறவர்களுக்குக் காபி முன்னாலேயே கொடுத்து டம்ளரை வாங்கிவிடுங்கள். கரண்ட் போனால் போகட்டும், மெழுகுவத்தி எடுத்து வையுங்கள்.

இனி பாட்டு. எல்லாமே சொந்தப் பாட்டாக இருக்க வேண்டும், அதில் ஒன்றாவது இதுவரை யாருமே கேட்காததாக இருக்க வேண்டும். தமிழில் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நான் ஒரு பாட்டில் வரிக் கடைசியில் 'மலை' என்று வைத்து முதல் எழுத்தை நாலு தட்டுக்கு இழுத்திருந்தேன். பாடி முடித்ததும் ஒரு அக்கா, "மாலையிலே என்ன நடந்துச்சு தம்பி?" என்று கேட்டார். அறையில் பாதிப் பேருக்கு மாலை என்றுதான் விழுந்திருக்கிறது. ஆங்கிலத்தில் எந்த உயிரை இழுத்தாலும் பெரும்பாலும் சொல் அப்படியே நிற்கும், தமிழில் குறிலை நீட்டினால் வேறு சொல்லாகிவிடும்: பல் பாலாகும், கல் காலாகும். நீட்டுகிற இடத்தில் நெடிலை வையுங்கள். அந்த வரியை 'காடு' என்று முடிகிற மாதிரி மாற்றினேன், அதே மெட்டில் அப்படியே உட்கார்ந்தது. தெம்மாங்கையும் தாலாட்டையும் கூர்ந்து கேட்டால் 'ஆராரோ' ஏன் அப்படி அமைந்திருக்கிறது என்று புரியும்.

ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் இரண்டு வாக்கியம் பேசுங்கள். பாட்டின் அர்த்தத்தைச் சொல்லாதீர்கள், அது எங்கே பிறந்தது என்று சொல்லுங்கள். பூம்பாறையில் பூண்டு மூட்டை ஏற்றும்போது வந்ததா, மூஞ்சிக்கல்லில் பஸ்ஸுக்கு நிற்கும்போது வந்ததா, அதைச் சொன்னால் போதும். ஜான் பிரைன் சிகாகோ பக்கம் தபால்காரராக வீடு வீடாக நடந்துகொண்டே பாட்டுக் கட்டியவர். அந்தத் தெருவும் அந்த வீட்டு மனிதர்களும் பாட்டில் இருந்ததால்தான் கேட்டவர்கள் நம்பினார்கள். ஒருவர் பாடும்போது மற்ற இருவரும் சும்மா இருக்கலாம், அல்லது இரண்டாவது சரணத்தில் மெல்ல ஒரு கம்பியைத் தொடலாம். தெரியாத பாட்டில் தாளம் போட்டு அமுக்கிவிடக் கூடாது.

வாசலில் ஒரு பிஸ்கட் டப்பா வையுங்கள், விருப்பப்பட்டதைப் போடட்டும், முழுப் பணமும் பாடியவர்களுக்கு. அமெரிக்காவில் வீட்டுக் கச்சேரிகளில் இதுதான் வழக்கம்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் கைதட்டலை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், வந்தவர்கள் பிரியத்தில் எல்லாவற்றுக்கும் தட்டுவார்கள். போனை ஜன்னல் திண்டில் வைத்து முழுவதையும் பதிவு செய்திருப்பீர்கள் இல்லையா, அன்று ராத்திரியே அதைக் கேளுங்கள். எந்த வரியில் இருமல் வந்தது, எந்த வரியில் நாற்காலி கிறீச்சிட்டது, எந்த வரியில் ஒரு சத்தமும் இல்லை என்று நோட்டில் குறியுங்கள். இருமல் வந்த வரியைத் திருத்தி, அடுத்த மாதம் அதே ஆட்களுக்கு அதே பாட்டைப் பாடிக் காட்டுங்கள். தேதியை அவர்கள் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் சொல்லிவிடுங்கள்.