ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்துக்கு லாக் அமைத்தல்: எதைப் பதிவது, எதை மறைப்பது

வேறொரு சர்வரிடம் தரவு கேட்டு வாங்கும் நிரல் பழுதாகும்போது முதலில் எழும் கேள்வி, தவறு நம் பக்கமா அந்தப் பக்கமா என்பதுதான். அனுப்பிய கோரிக்கை எது, வந்த மறுமொழி எது, இடையில் கழிந்த நேரம் எவ்வளவு ஆகிய மூன்றும் எழுத்தில் இருந்தால் அந்தக் கேள்விக்குச் சில நிமிடங்களில் விடை கிடைத்துவிடும். இல்லாவிட்டால் ஊகத்தில்தான் காலம் கழியும். ஆனால் அதே லாக் (நிரல் தன் நடப்பை எழுதிவைக்கும் பதிவு), யோசிக்காமல் அமைக்கப்பட்டால், டோக்கன்களையும் கடவுச்சொற்களையும் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கக்கூடிய ஒரு கோப்பில் கொட்டிவிடும். ஆகவே எதைப் பதியக் கூடாது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் அமைப்பு வேலையில் இறங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பைத்தானில் இணையக் கோரிக்கைகளை அனுப்ப உதவும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தை வைத்து, அந்த வேலையை அடி முதல் முடி வரை செய்யும் முறை இங்கே விளக்கப்படுகிறது.

எந்த லாக்கர் எழுதுகிறது

ரிக்வெஸ்ட்ஸ் தானாக ஏறக்குறைய எதையும் பதிவதில்லை. இணைப்பைத் திறப்பது, கோரிக்கையை அனுப்புவது, மறுமுறை முயல்வது ஆகிய வேலைகளை அதன் அடியில் இருக்கும் யுஆர்எல்லிப்3 நூலகம் செய்கிறது. நமக்குத் தேவையான வரிகளும் அங்கிருந்தே, ‘யுஆர்எல்லிப்3.கனெக்ஷன்பூல்’ என்ற லாக்கரின் (பதிவு வரிகளை எழுதும் பொருளின்) பெயரில் வருகின்றன. லாக்கர் பெயர்கள் புள்ளியால் பிரிக்கப்பட்ட மரம்போல அமைந்திருப்பதால், ‘யுஆர்எல்லிப்3’ என்ற தாய் லாக்கருக்கு ஒரு நிலையை (எவ்வளவு முக்கியமான வரிகள் முதல் பதிவாக வேண்டும் என்ற அளவை) கொடுத்தாலே, தமக்கென நிலை குறிக்கப்படாத பிள்ளைகள் அனைத்துக்கும் அது செல்லுபடியாகும். பழைய வழிகாட்டிகளில் ‘ரிக்வெஸ்ட்ஸ்.பேக்கேஜஸ்.யுஆர்எல்லிப்3’ என்ற நீண்ட பெயரைக் காணலாம். யுஆர்எல்லிப்3-இன் பிரதி ஒன்று ரிக்வெஸ்ட்ஸுக்குள்ளேயே பொதிந்திருந்த காலத்துப் பெயர் அது; 2017-இல் வெளியான 2.16 பதிப்பில் அந்தப் பொதிவு நீக்கப்பட்டுவிட்டதால், இன்று அந்தப் பெயரில் நிலையை மாற்றினால் பிழைச் செய்தியும் வராது, பயனும் இராது.

பைத்தானின் லாக்கிங் தொகுதியில் ஒவ்வொரு நிலைக்கும் ஓர் எண் உண்டு: டீபக் 10, இன்ஃபோ 20, வார்னிங் 30, எரர் 40, கிரிட்டிக்கல் 50. எதையும் அமைக்காதபோது, லாக்கர் மரத்தின் உச்சியிலுள்ள மூல லாக்கர் வார்னிங் நிலையில் நிற்கிறது. யுஆர்எல்லிப்3 எழுதும் வரிகளில் பெரும்பாலானவை டீபக் நிலையைச் சேர்ந்தவை என்பதால் அவை கண்ணில் படுவதேயில்லை. இங்கே இரண்டு வாசல்கள் இருப்பதை மறக்கக் கூடாது. ஒரு வரி முதலில் லாக்கரின் நிலையைத் தாண்ட வேண்டும், பிறகு அதைத் திரைக்கோ கோப்புக்கோ எழுதும் ஹேண்ட்லரின் நிலையையும் தாண்ட வேண்டும். ஒன்றைத் திறந்துவிட்டு மற்றொன்றை மூடியே வைத்திருப்பதுதான், அமைத்தும் எதுவும் வரவில்லை என்ற குறைக்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கிறது.

முதல் சோதனை

நிரலின் தொடக்கத்தில் லாக்கிங் தொகுதியின் பேசிக்கான்ஃபிக் செயற்கூறை டீபக் நிலையுடன் அழைத்துவிட்டு ஒரே ஒரு கோரிக்கையை அனுப்பிப் பாருங்கள். இரண்டு வரிகள் வரும். முதல் வரி, புதிய எச்டிடிபிஎஸ் இணைப்பு தொடங்குகிறது என்று அறிவித்து, அடைப்புக்குறிக்குள் ஓர் எண்ணையும், அதன்பின் சர்வரின் பெயரையும் 443 என்ற போர்ட்டையும் தரும். இரண்டாவது வரியில் கெட் அல்லது போஸ்ட் என்ற முறை, பாதை, எச்டிடிபி பதிப்பு, 200 போன்ற நிலைக்குறி, கடைசியாக மறுமொழி உடலின் பைட் அளவு ஆகியவை வரிசையாக இருக்கும். சர்வர் அளவை முன்கூட்டிச் சொல்லாமல் துண்டு துண்டாக அனுப்பினால், அந்தக் கடைசி இடத்தில் எண்ணுக்குப் பதிலாக ‘நன்’ (மதிப்பு இல்லை) என்று நிற்கும். அது பிழை அன்று.

இந்த இரண்டு வரிகளைப் படிக்கப் பழகியவருக்கு அவை நிறையச் சொல்லும். ஒரே சர்வருக்குப் பத்துக் கோரிக்கைகள் அனுப்பும்போது, ஒவ்வொன்றுக்கு முன்பும் ‘புதிய இணைப்பு (1)’ என்ற வரி திரும்பத் திரும்ப வந்தால், நிரல், இணைப்பைத் திறந்தே வைத்து மீண்டும் பயன்படுத்தும் செஷன் பொருளைப் பயன்படுத்தாமல் ஒவ்வொரு முறையும் இணைப்பைப் புதிதாகத் திறந்து மூடுகிறது என்று பொருள். செஷன் சரியாக இயங்கினால் அந்த வரி முதல் கோரிக்கைக்கு மட்டும் வரும். இணைப்புத் தொகுப்பு நிரம்பிவிட்டதால் ஓர் இணைப்பைக் கைவிடுவதாக வார்னிங் வந்தால், தொகுப்பின் கொள்ளளவைவிட அதிகமான த்ரெட்கள் (நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் இழைகள்) ஒரே செஷனைப் பகிர்கின்றன. ரிக்வெஸ்ட்ஸில் அந்தக் கொள்ளளவு இயல்பாக 10. மறுமுயற்சிகளில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இணைப்பு அறுந்து மறுமுறை முயன்றால் அது வார்னிங்காகப் பதிவாகும். ஆனால் 503 போன்ற நிலைக்குறி வந்ததற்காக மறுமுறை முயன்றால் அது டீபக் நிலையில் மட்டுமே பதிவாகும். வார்னிங்கை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, எதிர்ப்பக்கத்துச் சர்வர் மூச்சுத் திணறிக்கொண்டிருப்பது தெரியவே தெரியாது.

ஹெடர்களையும் (கோரிக்கையோடும் மறுமொழியோடும் செல்லும் கூடுதல் தகவல் வரிகள்) பார்க்க வேண்டும் என்று விரும்புவோருக்கு, பைத்தானின் எச்டிடிபி.கிளையன்ட் தொகுதியில் எச்டிடிபிகனெக்ஷன் வகுப்பின் டீபக்லெவல் மதிப்பை 1 ஆக்கும்படி சொல்லப்படுவதுண்டு. அது லாக்கிங் தொகுதியைத் தொடுவதே இல்லை. நேராகப் பிரிண்ட் செய்கிறது. எனவே அந்த வரிகளுக்கு நேரமும் இல்லை, நிலையும் இல்லை, நம் ஹேண்ட்லர்களும் அவற்றைப் பிடிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, டோக்கனைத் தாங்கும் ஆத்தரைசேஷன் ஹெடரை உள்ளது உள்ளபடியே திரையில் காட்டிவிடும். சொந்தக் கணினியில், சோதனைச் சாவியுடன், சில நிமிடங்களுக்கு மட்டும் இதைப் பயன்படுத்தலாம். பயனர்கள் பயன்படுத்தும் சர்வரில் கூடவே கூடாது.

நிலையான அமைப்பு

சோதனை முடிந்தபின் பேசிக்கான்ஃபிக்கை விட்டுவிட்டு டிக்ட்கான்ஃபிக்குக்கு மாறுவது நல்லது. முன்னது, மூல லாக்கரில் ஏற்கெனவே ஒரு ஹேண்ட்லர் இருந்தால் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும், பைத்தான் 3.8 முதல் உள்ள ஃபோர்ஸ் என்ற அளவுருவைக் கொடுத்தால்தான் பழையதை நீக்கிவிட்டுப் புதியதை வைக்கும். டிக்ட்கான்ஃபிக்கோ ஃபார்மேட்டர் (வரியின் வடிவத்தை அமைப்பது), ஹேண்ட்லர், லாக்கர் ஆகிய அனைத்தையும் ஒரே அகராதியில், ஒரே இடத்தில் பார்க்கும்படி வைக்கிறது.

அந்த அகராதியில் வெர்ஷன் 1 என்று குறித்தவுடன் அடுத்த வரியாக ‘டிசேபிள் எக்ஸிஸ்டிங் லாக்கர்ஸ்’ என்பதற்குப் பொய் மதிப்பைக் கொடுத்துவிடுங்கள். இதன் இயல்பு மதிப்பு மெய் என்பதுதான் இந்தத் தொகுதியிலேயே மிக அதிகமாகக் குழப்பும் செய்தி. நிரல் ரிக்வெஸ்ட்ஸை இறக்குமதி செய்த அந்தக் கணமே யுஆர்எல்லிப்3-இன் லாக்கர்கள் உருவாகிவிடுகின்றன. அதன் பிறகு ஓடும் டிக்ட்கான்ஃபிக், தன் அகராதியில் தம் பெயரோ தம் தாய் லாக்கரின் பெயரோ குறிக்கப்படாத பழைய லாக்கர்களை எல்லாம் சத்தமில்லாமல் முடக்கிவிடும். முடங்கிய லாக்கர் எந்த எச்சரிக்கையும் தருவதில்லை. இறக்குமதி வரியை மேலும் கீழும் நகர்த்தும்போது லாக் வருவதும் நிற்பதுமாக இருந்தால், காரணம் இதுவாகவே இருக்கும்.

ஹேண்ட்லர்களை மூல லாக்கரில் மட்டும் பொருத்துங்கள். பெயருள்ள லாக்கர்களுக்கு நிலையை மட்டும் கொடுங்கள். ஒரு பிள்ளை லாக்கரிலும் மூலத்திலும் ஹேண்ட்லர் இருந்தால், வரிகள் மேல்நோக்கிப் பரவுவதால் ஒவ்வொன்றும் இரண்டு முறை பதிவாகும். வழக்கமான நாள்களில் ‘யுஆர்எல்லிப்3’ வார்னிங்கிலும், உங்கள் நிரலின் சொந்த லாக்கர் இன்ஃபோவிலும் இருந்தால் போதும். ஃபார்மேட்டரில் நேரம், நிலை, லாக்கர் பெயர், த்ரெட் பெயர், செய்தி ஆகியவை இருக்கட்டும். நேரம் இயல்பாகக் கணினியின் உள்ளூர் நேரத்தில் எழுதப்படும். எதிர்ப்பக்கத்துச் சர்வரின் பதிவோடு ஒப்பிட வேண்டிவரும் என்பதால், ஃபார்மேட்டரின் கன்வர்ட்டர் பண்புக்கு டைம் தொகுதியின் ஜிஎம்டைம் செயற்கூறைக் கொடுத்து யுடிசி நேரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

ரிக்வெஸ்ட்ஸுக்குப் பதிலாக எச்டிடிபிஎக்ஸ் நூலகத்தைப் பயன்படுத்துவோர், ‘எச்டிடிபிஎக்ஸ்’, ‘எச்டிடிபிகோர்’ என்ற இரு பெயர்களையும் அகராதியில் சேர்க்க வேண்டும். அது ஒவ்வொரு கோரிக்கையையும் முழு முகவரியுடன் இன்ஃபோ நிலையிலேயே பதிகிறது என்பதால், கீழே வரும் மறைப்பு வேலை அங்கே இன்னும் அவசியமாகிறது.

உங்கள் சொந்த வரி

யுஆர்எல்லிப்3 எழுதும் வரியில் கோரிக்கைக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்ற தகவல் இல்லை. அதற்குப் பலர் செஷனின் ரெஸ்பான்ஸ் ஹூக்கில் (மறுமொழி வந்ததும் அழைக்கப்படும் இடத்தில்) ஒரு செயற்கூறைப் பொருத்துகிறார்கள். மறுமொழி வந்தால் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் டைம்அவுட் (காத்திருக்கும் நேர எல்லை கடத்தல்) ஆனாலோ இணைப்பே கிடைக்காவிட்டாலோ ஹூக் அழைக்கப்படுவதில்லை. தோல்வியைப் பதியாத லாக்கால் என்ன பயன்? ஆகவே கோரிக்கையை உண்மையில் அனுப்பும் எச்டிடிபிஅடாப்டர் வகுப்பிலிருந்து ஒரு வகுப்பைப் பெற்று, அதன் செண்ட் முறையை மேலெழுதி, செஷனில் மவுண்ட் செய்வதையே (பொருத்துவதையே) பரிந்துரைக்கிறேன். திசைமாற்றம் நேர்ந்தால் ஒவ்வொரு படியும் அடாப்டர் வழியாக ஒருமுறை கடந்து செல்லும்; இணைப்புத் தோல்வி எழுப்பும் எக்ஸெப்ஷனும் அங்கேயே கையில் கிடைக்கும்.

செண்ட் முறைக்குள் பெர்ஃப்கவுண்ட்டர் செயற்கூறால் தொடக்க நேரத்தைக் குறித்துக்கொண்டு, டீபக் நிலையில் ‘அனுப்புகிறேன்’ என்று ஒரு வரி எழுதுங்கள். பின்பு தாய் வகுப்பின் செண்டை அழைத்து, மறுமொழி வந்ததும் முறை, சர்வர் பெயர், பாதை, நிலைக்குறி, மில்லிவினாடி ஆகியவற்றை இன்ஃபோவில் எழுதுங்கள். எக்ஸெப்ஷன் எழுந்தால் அதன் வகைப் பெயரையும் கழிந்த நேரத்தையும் வார்னிங்கில் எழுதிவிட்டு, அதையே மீண்டும் எழுப்பிவிடுங்கள், விழுங்கிவிடக் கூடாது. முன்வரி எதற்கு என்றால், ரிக்வெஸ்ட்ஸுக்கு இயல்பான டைம்அவுட் கிடையாது. எதிர்ப்பக்கம் பதில் தராமல் இருந்துவிட்டால் நிரல் அப்படியே காத்துக்கொண்டு நிற்கும், முடிவு வரி வரவே வராது. முன்வரி இருந்தால்தான் எந்தக் கோரிக்கையில் மாட்டிக்கொண்டது என்பது தெரியும். டைம்அவுட்டையும் அதே அடாப்டரில் கட்டாயமாக்கிவிடலாம். ஸ்ட்ரீம் முறையில் பெற்றாலும் பெறாவிட்டாலும் ஹெடர்கள் வந்தவுடனேயே அடாப்டரின் செண்ட் திரும்பிவிடும் என்பதால், இங்கே அளக்கப்படும் நேரத்தில் உடலைப் படிக்கும் நேரம் சேராது.

மறைக்க வேண்டியவை

மேலே ‘பாதை’ என்று எழுதினேன், முழு முகவரி என்று எழுதவில்லை. கேள்விக்குறிக்குப் பின்வரும் க்வெரி என்ற பகுதியில் ஏபிஐ சாவிகள் (சேவையைப் பயன்படுத்தும் அனுமதிச் சாவிகள்) அடிக்கடி இருக்கும். சொந்த வரியில் அதை வெட்டிவிடுவதே முறை. ஹெடர்களைப் பதிய வேண்டியிருந்தால், மறைக்க வேண்டியவற்றுக்குப் பட்டியல் போடாமல், காட்டத்தக்கவற்றுக்குப் பட்டியல் போடுங்கள். நாளை புதிதாக ஒரு ரகசிய ஹெடர் சேர்ந்தால், முதல் வகைப் பட்டியல் அதைக் கோட்டைவிடும், இரண்டாவது விடாது.

ஆனால் ரகசியம் வெளியேறும் பெரிய வழி நம் வரி அன்று, எக்ஸெப்ஷனின் உரைதான். இணைப்புத் தோல்வியின்போது ரிக்வெஸ்ட்ஸ் தரும் செய்தியில், மறுமுயற்சிகளின் எல்லை தாண்டியது என்ற அறிவிப்போடு, க்வெரி உட்பட முழுப் பாதையும் இருக்கும். தோல்வியைக் குறிக்கும் நிலைக்குறிக்கு ரெய்ஸ்ஃபார்ஸ்டேட்டஸ் முறை எழுப்பும் பிழையிலும் முழு முகவரி இருக்கும். எங்கோ ஒருவர் லாக்கரின் எக்ஸெப்ஷன் முறையை அழைத்தால் இவை அனைத்தும் கோப்புக்குப் போகும். வரிகளை வடிகட்டும் ஃபில்டர் எழுதி இதைத் தடுக்க முயல்வோர் இரண்டு இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். தாய் லாக்கரில் பொருத்திய ஃபில்டர், பிள்ளை லாக்கரிலிருந்து ஏறி வரும் வரிகளைப் பார்ப்பதில்லை. ஹேண்ட்லரில் பொருத்தினால் பார்க்கும், ஆயினும் செய்தியை மட்டும் திருத்தினால், பிழைத்தடம் அதன்பின் ஃபார்மேட்டரில்தான் உரையாக மாறுகிறது என்பதால் அது தப்பித்துவிடும்.

ஆகவே மறைப்பை ஃபார்மேட்டரிலேயே வையுங்கள். ஃபார்மேட்டர் வகுப்பைப் பெற்று, ஃபார்மேட் முறையில் தாய் வகுப்பு தரும் முழு உரையையும் வாங்கி, அதில் இரண்டு மாற்றங்களைச் செய்து திருப்புங்கள். ஒன்று, டோக்கன், பாஸ்வேர்ட் போன்ற பெயர்களுக்குப் பின்வரும் மதிப்பை ரெகுலர் எக்ஸ்பிரஷனால் (உரையில் ஒரு வடிவத்தைத் தேடும் விதியால்) மறைப்பது. மற்றொன்று, தொடக்கத்தில் நிரல் ஏற்றிக்கொண்ட ரகசிய மதிப்புகளையே நேரடியாகத் தேடி மறைப்பது. முகவரியில் அவை குறிமாற்றம் பெற்றிருக்கக்கூடும் என்பதால் அந்த வடிவத்தையும் சேர்த்துத் தேட வேண்டும். எல்லா ஹேண்ட்லர்களுக்கும் இதே ஃபார்மேட்டரைக் கொடுங்கள். பிழைக் கண்காணிப்புச் சேவைகளின் ஹேண்ட்லர்கள் ஃபார்மேட்டரைத் தவிர்த்துவிட்டு மூலப் பதிவையே எடுத்துச் செல்லக்கூடும். அவற்றுக்குரிய மறைப்பு வசதியைத் தனியாக அமைக்க வேண்டும்.

கோப்பில் எழுதுவதாயின், கோப்பு நிரம்பியதும் புதியதற்கு மாறும் ரொட்டேட்டிங்ஃபைல்ஹேண்ட்லருக்குக் கோப்பின் உச்ச அளவு, காப்புக் கோப்புகளின் எண்ணிக்கை இரண்டையும் கொடுங்கள். ஒன்று சுழியமானாலும் சுழற்சி நடக்காது, கோப்பு வளர்ந்துகொண்டே போகும். பல ப்ராசஸ்கள் ஒரே கோப்பில் எழுத இந்த ஹேண்ட்லர் ஏற்றதன்று.

இவ்வளவும் செய்தபின் ஒரு டெஸ்ட் எழுதுங்கள். போலிச் சாவி ஒன்றை க்வெரியில் வைத்து, இல்லாத போர்ட்டுக்குக் கோரிக்கை அனுப்பி, எழும் எக்ஸெப்ஷனை லாக்கரில் பதியச் செய்து, ஹேண்ட்லர் எழுதிய உரையில் அந்தச் சாவி எங்கும் இல்லை என்று சரிபாருங்கள். சோதனைக் கருவியான பைடெஸ்ட், லாக் வரிகளைப் பிடிக்கத் தரும் கேப்லாக் இதற்குப் போதாது. அது தன் சொந்த ஃபார்மேட்டரைப் பயன்படுத்துவதால், உங்கள் ஃபார்மேட்டர் பூட்டிய ஸ்ட்ரீம்ஹேண்ட்லர் ஒன்றை நினைவகத்திலுள்ள உரை ஓடைக்கு எழுதவைத்து அதையே படிக்க வேண்டும். இந்த டெஸ்ட் தேறிய பிறகு, ‘யுஆர்எல்லிப்3’ லாக்கரின் நிலையைச் சூழல் மாறி ஒன்றிலிருந்து படிக்கும்படி அகராதியை மாற்றிவிடுங்கள். பழுது நேரும் நாளில் நிரலைத் தொடாமல், மறுதொடக்கம் மட்டும் செய்து டீபக் வரிகளைப் பெறலாம்.