தலைப்பிரசவமும் செயலி வழி செவிலியர் கவனிப்பும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் முறை கருவுற்றவருக்கு எது இயல்பு, எது ஆபத்து என்று பிரித்துப் பார்க்கப் பழக்கம் இருக்காது. செயலியிலோ வீடியோ அழைப்பிலோ செவிலியரைக் கேட்க முடிவது அங்கேதான் கைகொடுக்கிறது. ஆனால் அவரால் உங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்க்க முடியாது. நீங்கள் அனுப்பும் எண்களையும் சொற்களையும் வைத்தே அவர் முடிவெடுக்கிறார்.

அதிகம் தவறிப்போவது பிரஷர் அளவு. படியேறி வந்த மூச்சோடு, சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி, பேசிக்கொண்டே அளந்தால் எண் கூடத்தான் வரும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல்கடை மேலே, வெறும் கையில் பட்டை. கை நெஞ்சு மட்டத்தில் மேசை மேல். ஒரு நிமிடம் விட்டு இரண்டு முறை அளவெடுங்கள். பட்டை சிறியதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும், பெரியதென்றால் குறைத்துக் காட்டும். ஆகவே மேற்கையின் சுற்றளவை டேப்பால் அளந்து, பட்டையில் அச்சிட்டிருக்கும் செ.மீ. வரம்போடு ஒப்பிடுங்கள். கருவி கர்ப்பிணிகளிடம் சோதிக்கப்பட்டதா என்பதும் முக்கியம். சில கருவிகள் கர்ப்பகால ரத்த அழுத்த நோயில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும்.

இதைவிட மோசமான தவறு ஒன்று உண்டு. முதலில் 148/96 வருகிறது. பயந்துபோய் ஐந்தாறு தடவை அளந்து, கடைசியில் வந்த 134/86-ஐ மட்டும் அனுப்புகிறார்கள். அந்த முதல் எண்தான் செவிலியருக்கு வேண்டியது. எல்லாவற்றையும் நேரத்தோடு அனுப்புங்கள். மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90, இரண்டில் ஒன்று தொட்டாலே அன்றே பேச வேண்டும். 160 அல்லது 110 என்றால், உடம்புக்கு ஒன்றும் தோன்றாவிட்டாலும் உடனே மருத்துவமனை. விடாத தலைவலி, கண்ணில் பொறி பறப்பது, வலது விலாவுக்குக் கீழே வலி, திடீரென முகம் வீங்குவது ஆகியவை இருந்தால், அளவு சரியாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

“மெசேஜ் போட்டாச்சு” என்று உட்கார்ந்திருப்பது அடுத்த தவறு. ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், வலிப்பு, குழந்தையின் அசைவு குறைதல் எதற்கும் மெசேஜ் உதவாது. அவசர எண்ணை அழைக்க வேண்டும். அழைக்கும்போதும் “தலை வலிக்குது” என்று நிறுத்தாதீர்கள். “32 வாரம். காலை 9 மணியிலிருந்து தலைவலி. பாராசிட்டமால் போட்டும் குறையவில்லை. 11.40-க்கு பிரஷர் 146/94, ஒரு நிமிடம் கழித்து 144/92.” இப்படிச் சொன்னால், மறுகேள்வி இல்லாமல் அவர் உங்களைக் கிளம்பி வரச் சொல்லிவிடலாம்.

தலைப்பிரசவத்தில் குழந்தையின் அசைவு 20 வாரத்துக்குப் பிறகுகூடத் தெரியத் தொடங்கலாம். 24 வாரம் ஆகியும் உணரவில்லை என்றால் சொல்லுங்கள். ‘மாதம் நெருங்கினால் அசைவு குறையும்’ என்பது தவறான நம்பிக்கை. வழக்கத்தைவிடக் குறைந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று தூங்கப் போகாதீர்கள். குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க வீட்டில் வைத்திருக்கும் டாப்ளர் கருவியில் துடிப்பு கேட்டது என்று ஆறுதல் அடைவது இன்னும் ஆபத்து. அது உங்கள் நாடித்துடிப்பாகவே இருக்கலாம். குழந்தையின் துடிப்பே ஆனாலும், குழந்தை நலமாக இருக்கிறது என்று அது உறுதி சொல்லாது.

செயலி சொல்லும் பிரசவத் தேதியையும் அப்படியே நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது 28 நாள் மாதவிடாய்ச் சுழற்சியை வைத்து, கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு 280 நாள் கூட்டிச் சொல்வது. முதல் மூன்று மாத ஸ்கேனுக்குப் பின் மருத்துவர் உறுதி செய்த தேதியைப் பதியுங்கள். இல்லையெனில் 24–28 வாரத்தில் செய்யும் சர்க்கரைப் பரிசோதனையின் நினைவூட்டல்கூடத் தவறான வாரத்தில் வரும்.

வீடியோவில் பேசியாயிற்று என்று நேரில் போவதைத் தள்ளிப்போடுவோரும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் பரிந்துரைத்தது குறைந்தது 8 சந்திப்புகள். ரத்தப் பரிசோதனையும் வயிற்று அளவும் திரை வழியாக நடக்காது.

கடைசியாக, மனநிலை பற்றிய கேள்விகள். ஃபோன் வீட்டில் பலர் கைக்குப் போனால் எல்லாவற்றுக்கும் ‘நன்றாக இருக்கிறேன்’ என்றே பதில் போகும். தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை, வீட்டில் அடி உதை எதுவானாலும், தனியாகப் பேச ஒரு நேரம் வேண்டும் என்று செவிலியரிடம் கேளுங்கள். செயலிக்குத் தனிக் கடவு எண் (PIN) போட்டு, பூட்டிய திரையில் மெசேஜ் தெரியாதபடி அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள்.