ஃபைட்டர் மீனுக்கு பவுல் போதுமா? என் அனுபவம்

ஃபைட்டர் மீன் குட்டி பவுலிலேயே நன்றாக இருக்கும் என்று சொல்லித்தான் கடையில் விற்கிறார்கள். உயிர் தாங்கும், அவ்வளவுதான். மேலே வந்து நேரடியாகக் காற்றை இழுக்கும் உறுப்பு இருப்பதால் உடனே சாகாது, ஆனால் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் வரும் அம்மோனியா ஒரு லிட்டர் தண்ணீரில் எங்கே போகும்? அக்கா மகன் என்னிடம் விட்டுப்போன நீல மீன் அடியிலேயே படுத்துக் கிடந்தது, துடுப்பெல்லாம் ஒட்டிக்கொண்டு, வால் ஓரம் நூல்நூலாகக் கிழிந்து.

சென்னையில் வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் 20 லிட்டர் தொட்டியும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் (காற்று பம்பில் ஓடும் பஞ்சு வடிகட்டி) வாங்கினேன். காற்றை வால்வில் நன்றாகக் குறைத்துவிட்டேன், அத்தனை நீளத் துடுப்போடு ஓட்டத்தை எதிர்த்து நீந்த மீனால் முடியாது. குளோரின் நீக்கிய தண்ணீர், காய்ந்த நாட்டு வாதாம் இலை ஒன்று, கட்டாயம் ஒரு மூடி (குதிக்கும்!). ஃபில்டரில் அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா வளரும்வரை ஒருநாள் விட்டு ஒருநாள் கால்வாசித் தண்ணீர் மாற்றினேன், பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

சென்னை வெயிலுக்கு ஹீட்டர் தேவைப்படவில்லை. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் என்றால் ஹீட்டர் போட்டு 26 டிகிரியில் வையுங்கள். அப்புறம் வால் ஓரத்தில் கண்ணாடி மாதிரி புதுச் சவ்வு வளர ஆரம்பித்தது. தீனி மட்டும் இன்னும் அளந்துதான் போடுகிறேன்.