நீலகிரியில் பிள்ளைகளுக்குத் துணி எடுப்பவர்கள் காசைக் கோட்டைவிடும் இடங்கள்

மலையில் குழந்தை உடுப்புக்குச் செலவு அதிகம் என்று எல்லோரும் சொல்கிறோம். ஸ்வெட்டர், குல்லா, மழைக்கோட்டு என்று கீழே இருப்பவர்களுக்குத் தேவைப்படாத பலதும் நமக்கு வேண்டியிருக்கிறது, அது உண்மைதான். ஆனால் காசு போவது பெரும்பாலும் அங்கே இல்லை. ஒரு துணி வருஷத்தில் எத்தனை நாள் பிள்ளையின் உடம்பில் இருக்கும், துவைத்தால் எப்போது காயும் என்ற இரண்டு கேள்வியைக் கேட்காமல் வாங்குவதில்தான் போகிறது.

முதலில் அந்தப் பெரிய ஜெர்கின். மார்கழியில் தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, பயந்துபோய் இருப்பதிலேயே கனமானதாக ஒன்றை வாங்கி மாட்டிவிடுகிறோம். காலை எட்டு மணிக்கு அது சரி. பதினோரு மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும்போது பிள்ளைக்கு உள்ளே வியர்த்துக் கொட்டும், கழற்றி எங்கேயாவது போட்டுவிட்டு ஓடும், வியர்வையில் நனைந்த பனியனில் காற்றுப் பட்டு மறுபடி குளிரும். ஒரே கனத்த துணியைவிட மெல்லியதாக மூன்று அடுக்கு நல்லது: உடம்போடு ஒட்டிய ஒரு இன்னர், அதன் மேல் முழுக்கை பனியன், அதற்கும் மேல் ஸ்வெட்டர். வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம். ஜெர்கினுக்குக் கொடுக்கும் காசில் பாதியை நல்ல இன்னருக்குக் கொடுங்கள், தினமும் போடப்போவது அதைத்தான்.

அடுத்தது வாங்கும் நேரம். ஏப்ரல், மே மாதங்களில் மலர்க்கண்காட்சிக் கூட்டத்துக்கு நடுவே போய் ஸ்வெட்டர் விலை கேட்டால் கடைக்காரர் உங்களையும் சுற்றுலா வந்தவராகத்தான் பார்ப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு வருஷத்தில் வியாபாரம் ஆகும் மாதங்கள் அவ்வளவுதான். உள்ளூர்க்காரருக்குக் கூட்டம் இல்லாத நாட்கள் எத்தனையோ இருக்கின்றன. குளிர் முடியும் மாசி, பங்குனியில் மிஞ்சின சரக்கை இறக்கிவிடப் பார்ப்பார்கள். அப்போது அடுத்த மார்கழிக்கு ஒரு அளவு கூட்டி வாங்கலாம்.

ஸ்வெட்டரில் இன்னொன்று. மலிவாகக் கிடைப்பதில் பெரும்பாலானது ஆட்டுக் கம்பளி கிடையாது, அக்ரிலிக். அக்ரிலிக் கெட்டது என்று நினைக்க வேண்டாம், சீக்கிரம் காயும், சுருங்காது, பள்ளிக்குப் போட்டு அடிக்க அதுதான் தோது. கம்பளி விலை கொடுத்து அக்ரிலிக் வாங்குவதுதான் தவறு. உள்பக்கத்துச் சீட்டில் நூல் வகை அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். சந்தேகமாக இருந்தால், வீட்டுக்கு வந்தபின் தையலில் தொங்கும் ஒரு நூலை வெட்டி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்க்கலாம்: கம்பளி முடி பொசுங்கும் வாசனையோடு கருகி, விரலில் நசுக்கினால் பொடியாகும், அக்ரிலிக் உருகி, ஆறினதும் கறுப்பு மணிபோல் கெட்டியாகிவிடும். அது உருகும் என்பதாலேயே அந்த ஸ்வெட்டரைக் கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் காயப்போடாதீர்கள். கைப்பின்னல் தெரிந்த பாட்டியோ அத்தையோ வீட்டில் இருந்தால் இந்தக் கவலையே இல்லை. பத்தாமல் போன ஸ்வெட்டரைப் பிரித்து, நூலை நனைத்துக் காயவைத்து நேராக்கி, இன்னொரு நிற நூலும் சேர்த்துப் பெரிதாகப் பின்னிவிடுவார்கள். கடையில் வெட்டித் தைத்த எந்த ஸ்வெட்டரிலும் இது நடக்காது.

இனி திருப்பூர். பனியன் துணிக்கு அதைவிட நல்ல இடம் பக்கத்தில் கிடையாது. வெளிநாட்டு ஆர்டருக்குத் தைக்கும்போது சேதம் போகும் என்று கணக்குப் போட்டுக் கொஞ்சம் கூடுதலாகவே வெட்டுவார்கள், அதில் மிஞ்சுவதுதான் காதர்பேட்டை மாதிரி இடங்களுக்கு வருகிறது. அதே குவியலில் ஆர்டரில் தேறாமல் கழித்த துணியும் கலந்திருக்கும் என்பதை மறந்துவிட்டு, விலையைப் பார்த்ததும் கை நிறைய அள்ளிக்கொண்டு வருவதுதான் பலர் செய்வது. ஒவ்வொரு துணியையும் தோள்பட்டை இரண்டையும் பிடித்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். பக்கத் தையல் நேராக இறங்க வேண்டும். அது முன்பக்கமாகத் திரும்பி வளைந்து வந்தால் துணி முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், நாலு துவையலில் சட்டை ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு நிற்கும், இஸ்திரி போட்டாலும் நிமிராது. அப்புறம் கழுத்துப் பட்டியை இழுத்து விடுங்கள், சட்டென்று பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஊசி ஓட்டைகள் தெரியும். பேன்ட்டை மடித்து இரண்டு காலும் ஒரே நீளமா என்று பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

அங்கே அளவுச் சீட்டில் 104, 110, 116 என்று எண்கள் இருந்தால் அது பிள்ளையின் உயரம், சென்டிமீட்டரில். சீட்டையே கத்தரித்திருந்தால் வீட்டிலிருந்து கொண்டுபோன, பிள்ளைக்குச் சரியாக இருக்கும் ஒரு சட்டையை மேலே விரித்து அளப்பதுதான் வழி. ஆனால் இதற்காக மட்டும் ஊட்டியிலிருந்து குடும்பத்தோடு இறங்கிப் போனால் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஆன செலவில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். கோவைக்கு ஒரு கல்யாணம், ஆஸ்பத்திரி என்று எப்படியும் இறங்குவோம், அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

'வளர்ற பிள்ளைதானே' என்று மூன்று அளவு பெரிதாக எடுப்பது நம் வீடுகளில் ஒழியாத பழக்கம். இரண்டு வயதுக்கு மேல் பிள்ளைகள் பொதுவாக வருஷத்துக்கு ஐந்திலிருந்து ஏழு சென்டிமீட்டர்தான் வளர்கிறார்கள், அதாவது மேலே சொன்ன எண்களில் கிட்டத்தட்ட ஒரு படி. ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் ஒரு அளவு பெரிதாக இருக்கலாம், கையை மடித்துவிடலாம். இன்னர் தொளதொளவென்று இருந்தால் குளிரும் காற்றும் உள்ளே போய்வரும், அதைச் சரியான அளவில்தான் எடுக்க வேண்டும். பாவாடை, பள்ளிப் பேன்ட் தைக்கக் கொடுத்தால் கீழே நன்றாக மடிப்பு விட்டுத் தைக்கச் சொல்லுங்கள், அடுத்த வருஷம் பிரித்து இறக்கலாம்.

மழைக்காலத்துக் கணக்கு தனி. கூடலூர் பக்கம் ஆனி, ஆடியில் கொட்டும், குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகையில். அந்த நாட்களில் ஜீன்ஸ் துவைத்துப் போட்டால் மூன்று நாள் ஆனாலும் இடுப்புப் பட்டி ஈரமாகவே இருக்கும், பொறுமை இல்லாமல் மடித்து வைத்தால் கரும்புள்ளி விழும், அந்தக் கறை போகவே போகாது. நல்ல துணி கிழிந்து வீணாவதைவிட இப்படிப் பூஞ்சை பிடித்து வீணாவதுதான் இங்கே அதிகம். மழை மாதங்களுக்கு மெல்லிய டிராக் பேன்ட் போதும், ஜீன்ஸ் ஒன்றே ஒன்று, அதுவும் வேண்டுமானால். சாக்ஸ் மட்டும் தாராளமாக வாங்கி வையுங்கள்.

மழைக்கோட்டில் மிச்சம் பிடிக்கப் பார்த்தால் அதே சீசனில் இரண்டாவது வாங்க வேண்டிவரும். உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், தையல் மேல் பட்டையாக டேப் ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊசி போன ஓட்டை வழியாகவே தண்ணீர் இறங்கும். புத்தகப் பையை மாட்டிக்கொண்டு அதன் மேல் போட முடிகிறதா என்பதைக் கடையிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள். தொப்பியில் தொங்கும் கயிறு, கழுத்தில் முடியும் கயிறு இருந்தால் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம், எதிலாவது மாட்டிக்கொண்டு கழுத்தை இறுக்கும். ஐரோப்பாவில் சின்னக் குழந்தைகள் உடுப்பில் இப்படிக் கயிறு வைக்கவே கூடாது.

அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளில் சத்துணவுத் திட்டத்தில் இருக்கும் 1 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சீருடை இலவசம், மலைப்பகுதி என்பதால் ஸ்வெட்டரும் உண்டு. பள்ளியில் ஒரு வார்த்தை கேட்காமல் ஜூன் மாதம் கடைக்கு ஓடாதீர்கள். விசேஷத் துணி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: பட்டுப் பாவாடை வருஷத்தில் எத்தனை தடவை வெளியே வருகிறது என்று அவரவர் வீட்டுப் பீரோவுக்கே தெரியும். அக்கா பெண்ணுடையதை வாங்கிப் போடலாம். பிறந்த குழந்தைக்கே முதலில் பழைய துணியைத்தான் போடுகிறோம், இதில் என்ன கௌரவக் குறைச்சல்? உள்ளாடையும் செருப்பும் ஷூவும் மட்டும் புதிதாக இருக்கட்டும், மற்றதெல்லாம் கை மாறலாம்.

கடைசியாக, தொலைந்து போவது. ஒரே நிற ஸ்வெட்டரைப் போட்ட அத்தனை பிள்ளைகளும் இன்டர்வெல்லில் அதைக் கழற்றி ஒரே திண்ணையில் போட்டால் யாருடையது யாருக்கு என்று எந்த டீச்சராலும் பிரிக்க முடியாது. பேனாவால் எழுதினால் ரெண்டு துவையலில் அழிந்துவிடும், காலருக்கு உள்ளே கலர் நூலால் தைத்துவிடுங்கள். பிள்ளையின் பெயரைத் தைக்காமல் அப்பா, அம்மா பெயரின் முதல் எழுத்தைத் தைத்தால் தம்பிக்கோ தங்கைக்கோ அது போகும்போது பிரித்துத் தைக்கும் வேலை மிச்சம்.