இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் டிரையல் பாகங்கள்: புதிதாக ஸ்க்ரப் நிற்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

நீலகிரி மலையில் ஒரு மருத்துவமனையின் அறுவை அரங்கில் பல ஆண்டுகளாக எலும்பு, மூட்டு அறுவைகளுக்கு ஸ்க்ரப் நின்று, அதாவது மருத்துவரின் அருகே நின்று கருவிகளை எடுத்துக் கொடுத்து, வருகிறேன். புதிதாக வரும் செவிலியர்களும் அரங்கத் தொழில்நுட்பர்களும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்: உண்மையான செயற்கை மூட்டை வைப்பதற்கு முன் வைத்துப் பார்க்கும் டிரையல் பாகங்களில். நானும் அங்கேதான் ஒருமுறை தவறினேன்; அந்தத் தவற்றின் பலனை ஒரு நோயாளி தம் காலில் சுமக்க நேர்ந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கை கழுவுவது, கவுன் அணிவது, டிரே அடுக்குவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். எந்த அளவு பொருந்தும் என்று முடிவு செய்பவர் அறுவை மருத்துவர். அவர் கையில் எந்த அளவு இருக்கிறது என்பதை அவருக்குப் பிழையின்றிச் சொல்ல வேண்டியவர் நாம்.

இடுப்பு ஒரு பந்துகிண்ண மூட்டு. மாற்று அறுவையில் கிண்ணத்துக்குக் கப், அதன் உள்ளே லைனர், தொடை எலும்பின் குழிக்குள் ஸ்டெம், அதன் கழுத்தின்மேல் ஹெட் என்று நான்கு பாகங்கள் வைக்கப்படுகின்றன. உண்மையான பாகத்தின் உறையைப் பிரித்துவிட்டால் திருப்பி அனுப்ப முடியாது. எலும்பில் அடித்து இறக்கிய பிறகு அளவு சரியில்லை என்று எடுத்தால் எலும்பும் கூட உடைந்து வரலாம். அதனால் ஒவ்வொரு பாகத்துக்கும் அதே வடிவில், மீண்டும் மீண்டும் பயன்படுத்தத் தக்க ஒரு டிரையல் உண்டு.

முதல் நாள் மாலை: பெட்டியைப் பார்ப்பது

எங்களுக்கு இம்ப்ளாண்ட் செட் பெரும்பாலும் கோயம்புத்தூரிலிருந்து கம்பெனிப் பிரதிநிதியின் வண்டியில் மலையேறி வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர்ச் சாலையில் மண் சரிந்துவிட்டால் வண்டி கோத்தகிரி வழியாகச் சுற்றி வர வேண்டும். சமவெளியில் ஒரு டிரையல் ஹெட் குறைந்தால் ஒரு மணி நேரத்தில் இன்னொரு செட்டிலிருந்து வரவழைக்கலாம். இங்கே மயக்க மருந்து கொடுத்த பிறகு ஒரு பாகம் இல்லை என்று தெரிந்தால் அன்று அது இல்லாததுதான். ஆகவே செட் முதல் நாள் மாலைக்குள் வந்துவிட வேண்டும், கிருமிநீக்கத்துக்குப் போகும் முன் நீங்களே திறந்து எண்ண வேண்டும். பிரதிநிதி தரும் பட்டியலில் டிக் அடிப்பதை நான் எண்ணுவதாகக் கருதுவதில்லை. ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து, அதில் பொறித்திருக்கும் எண்ணைச் சத்தமாகப் படித்து வைக்கிறேன்.

அப்போது சிறிய அளவுகளையும் மறக்காமல் பாருங்கள். நம் மாவட்டத்தின் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் நோய் உண்டு. இந்தியாவில் அந்நோய் முதன்முதலில் 1952-இல் கண்டறியப்பட்டதே நீலகிரியில்தான். அந்நோயில் தொடை எலும்பின் தலைக்கு இரத்த ஓட்டம் நின்று அது சிதைந்துபோவதால், இளம் வயதிலேயே மாற்று அறுவைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குத் தொடை எலும்பின் உட்குழி இறுகி ஒடுங்கியிருக்கும். செட்டில் ஆகச் சிறிய ப்ரோச் (ஸ்டெம்முக்காக அந்தக் குழியைச் செதுக்கும் கருவி) இல்லை என்றால் முதல் நாள் மாலையே மருத்துவருக்குச் சொல்லிவிடுங்கள்.

கிண்ணத்தின் பக்கம்

மருத்துவர் ரீமரால் கிண்ணத்தைச் சிறிய அளவிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றிக் குடைந்துகொண்டு போவார். கடைசி ரீமரின் எண்ணை நீங்கள் சொல்ல வேண்டும்; அதை வைத்து டிரையல் கப் கேட்கப்படும். சிமெண்ட் இல்லாத கப் இறுக்கமாக உட்கார வேண்டும் என்பதற்காக, உண்மையான கப் கடைசி ரீமரைவிட 1 அல்லது 2 மில்லிமீட்டர் பெரிதாகத் தேர்ந்தெடுக்கப்படுவது வழக்கம். ஆகவே "52" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ரீமர் 52", "டிரையல் கப் 52" என்று பெயரோடு சேர்த்துச் சொல்லுங்கள். டிரையல் கப்பில் உள்ள துளைகளின் வழியாக, அது எலும்பின் அடித்தளம் வரை உட்கார்ந்துவிட்டதா என்று மருத்துவர் பார்ப்பார். அந்தத் துளைகளில் பழைய இரத்தமோ எலும்புத் துகளோ அடைத்திருக்கக் கூடாது.

டிரையல் லைனரில் இரண்டு அளவுகள் இருக்கும்: வெளியே கப்பின் அளவு, உள்ளே ஹெட்டின் அளவு. புதியவர்கள் ஒன்றைப் பார்த்து மற்றொன்றை விட்டுவிடுகிறார்கள். 1962-இல் ஜான் சார்ன்லி இங்கிலாந்தில் பாலிஎத்திலீன் கிண்ணத்துடன் இவ்வறுவையை நிலைநிறுத்தியபோது அவர் பயன்படுத்திய ஹெட்டின் விட்டம் 22.225 மில்லிமீட்டர். இன்று நம் மேசையில் பெரும்பாலும் 28, 32, 36 ஆகியவை இருக்கின்றன. பெரிய ஹெட் கிண்ணத்தை விட்டு நழுவக் கூடுதல் தூரம் நகர வேண்டியிருப்பதால் மூட்டு எளிதில் விலகாது. ஆனால் எந்தக் கப்புக்கு எது பொருந்தும் என்பது கம்பெனி அட்டவணையைப் பொறுத்தது. அந்த அட்டவணையை அரங்கச் சுவரில் கண்ணுக்கு நேராக ஒட்டிவிடுங்கள்.

தொடை எலும்பின் பக்கம்

ஸ்டெம்முக்கு வழி செய்யும் ப்ரோச்தான் இங்கே டிரையலும். கடைசி ப்ரோச்சை எலும்புக்குள்ளேயே விட்டுவிட்டு, கைப்பிடியை மட்டும் கழற்றி, அதன்மேல் டிரையல் கழுத்தைப் பொருத்துவார்கள். ப்ரோச் இறுகிவிட்டதைச் சுத்தியலின் ஓசையிலேயே கேட்கலாம்: மந்தமாக வந்துகொண்டிருந்த ஓசை உயர்ந்து கணீரென்று மாறும், ப்ரோச் அதற்குமேல் இறங்காது. அந்த நேரத்தில் மேசையில் பாத்திரச் சத்தம் எழுப்பாதீர்கள், மருத்துவர் காதால் அளந்துகொண்டிருப்பார்.

கழுத்து: நான் தவறிய இடம்

இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள். பல செட்களில் ஒரே ப்ரோச்சுக்கு இரண்டு டிரையல் கழுத்துகள் இருக்கும். ஒன்று சாதாரணம், மற்றது உயர் ஆஃப்செட். ஆஃப்செட் என்பது தொடை எலும்பின் நடு அச்சிலிருந்து பந்தின் மையம் வரை பக்கவாட்டில் உள்ள தூரம். அது குறைந்தால் இடுப்பின் பக்கத் தசைகள் தொய்ந்துவிடும், நடை தள்ளாடும், மூட்டு விலகவும் வாய்ப்பு கூடும். இரண்டு கழுத்துகளையும் உள்ளங்கையில் அருகருகே வைத்துப் பார்த்தாலும் வேறுபாடு சில மில்லிமீட்டர்தான். பொறித்த எழுத்து ஒன்றுதான் அடையாளம். பலமுறை ஆட்டோகிளேவில் போய்வந்த கழுத்தில் அந்த எழுத்து மங்கி, விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.

முன்பு நான் பணியாற்றிய ஓரிடத்தில் மருத்துவர் கழுத்து கேட்டார். நான் எழுத்தைப் படிக்காமல் எடுத்துக் கொடுத்தேன். சாதாரணம் என்றுதான் நினைத்தேன், கொடுத்ததோ உயர் ஆஃப்செட். மூட்டைச் சேர்த்துப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது, சாதாரண ஸ்டெம்மின் உறை பிரிக்கப்பட்டது, ஸ்டெம்மும் எலும்பில் இறங்கிவிட்டது. அதன்மேல் ஹெட்டை வைத்துப் பார்த்தபோதுதான் மூட்டு தளர்ந்து கிடந்தது. நன்றாக இறுகிவிட்ட ஸ்டெம்மைப் பிடுங்கினால் எலும்பு பிளக்கும் அபாயம் இருந்ததால், மருத்துவர் 0 ஹெட்டுக்குப் பதிலாக, நீளத்தில் 7 மில்லிமீட்டர் கூட்டும் +7 ஹெட் வைத்து மூட்டை நிலைப்படுத்தினார்.

இங்கேதான் கணக்கு வருகிறது. கழுத்து பொதுவாகச் சுமார் 135 டிகிரி சாய்வில் நிற்பதால், ஹெட்டின் நீளத்தில் கூட்டும் ஒவ்வொரு மில்லிமீட்டரிலும் ஏறத்தாழ 0.7 பக்கவாட்டிலும் 0.7 காலின் நீளத்திலும் சேரும். +3.5 என்றால் இரண்டிலும் சுமார் 2.5 மில்லிமீட்டர், +7 என்றால் சுமார் 5. இழந்த ஆஃப்செட்டை மீட்க வைத்த ஹெட், அந்த அம்மாவின் காலையும் 5 மில்லிமீட்டர் நீளமாக்கிவிட்டது. தேயிலைத் தோட்டத்தில் சரிவிலேயே நாள் முழுதும் நின்று கொழுந்து பறித்துவந்தவர் அவர். தையல் பிரித்துச் சில வாரங்கள் கழித்து வந்தபோது, "ஒரு காலு எட்டிப் போற மாதிரி இருக்கும்மா" என்றார். மறு காலின் செருப்புக்கு அடியில் தகடு வைத்து உயர்த்தித் தந்தோம். நான் செய்த தவறு இது என்று அன்றே மருத்துவரிடம் சொன்னேன்.

அதன்பின் நான் மாற்றாத வழக்கம் இது. கழுத்தைக் கையில் எடுத்ததும் எழுத்தைப் படித்து, "டிரையல் கழுத்து, உயர் ஆஃப்செட்" என்று முழுதாகச் சொல்வேன். மருத்துவர் திருப்பிச் சொன்ன பிறகே கொடுப்பேன். கிருமியற்ற பகுதிக்கு வெளியே அரங்கில் நிற்கும் செவிலியர் அதைச் சுவரில் உள்ள வெள்ளைப் பலகையில் எழுதுவார். காகிதச் சீட்டு வேண்டாம், அது யார் கண்ணிலும் படாது. கப், லைனர், ப்ரோச், கழுத்து, ஹெட் என்று ஐந்து வரிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே அளவு. உண்மையான இம்ப்ளாண்டின் பெட்டியைப் பிரிக்கும் முன் மூன்று பேரும் பலகையையும் பெட்டியின் லேபிளையும் ஒன்றாகப் படிக்க வேண்டும். டிரையல் ஹெட்டின் நிறத்தை மட்டும் வைத்து எதையும் சொல்லாதீர்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வேறொரு கம்பெனியின் ஹெட் பொருந்துவதுபோலத் தோன்றினாலும் மேசையில் கலக்கவே கூடாது. 12/14 டேப்பர் (ஹெட் உட்காரும் கழுத்தின் கூம்பு முனை) என்று இரண்டிலும் எழுதியிருந்தாலும் சரிவுக் கோணம் ஒன்றாக இருக்கும் என்பதில்லை.

மூட்டைச் சேர்த்துப் பார்ப்பது

டிரையல் ஹெட்டைக் கையால் அழுத்திப் பொருத்தினால் போதும். அதைச் சுத்தியலால் தட்டக் கூடாது. மூட்டைச் சேர்த்த பிறகு சோதனைகள் மருத்துவருடையவை. பின்புறமாகத் திறந்த அறுவையில் இடுப்பை 90 டிகிரி மடக்கி உள்நோக்கித் திருப்புவார், எவ்வளவு திருப்பினால் விலகப் பார்க்கிறது என்று கவனிப்பார். பிறகு காலை நீட்டி வெளிநோக்கித் திருப்புவார். காலை இழுத்து மூட்டு எவ்வளவு பிரிகிறது என்றும், இரு முழங்கால்களும் குதிகால்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்றும் பார்ப்பார். தண்டுவட மயக்கத்தில் தசைகள் தளர்ந்திருக்கும் என்பதால், இழுத்தால் சற்றுப் பிரிவதை வைத்து மட்டும் அவர் முடிவெடுக்க மாட்டார். ஒவ்வொரு ஹெட் மாற்றத்துக்கும் பலகையில் பழைய எண்ணை அடித்துப் புதிய எண்ணை எழுதுங்கள், அழித்துவிடாதீர்கள். நாலாவது ஹெட் வந்ததும் இரண்டாவது எப்படி இருந்தது என்று கேட்பார்கள்.

கழற்றும்போது

பலரும் கவனம் தளர்வது இங்கேதான். டிரையல் ஹெட் கழுத்தில் லேசாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. மூட்டைப் பிரிக்கும்போது அது கழன்று தசைகளுக்கு இடையில் நழுவிவிடலாம். முன்புறமாகச் செய்யும் அறுவையில் அது சோவாஸ் தசையை ஒட்டி இடுப்புக்குழிக்குள்ளேயே போய்விட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. ஆகவே கொக்கியைக் கழுத்துக்கு அடியில் கொடுங்கள், ஹெட்டில் மாட்ட வேண்டாம். மூட்டு பிரிந்ததும் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது, கழுத்தின்மேல் ஹெட் இருக்கிறதா என்பதை. இல்லை என்றால் உடனே சொல்லுங்கள். விரலால் துழாவினால் அது இன்னும் ஆழமாகப் போகும். சில ஹெட்களில் துளை இருக்கும். அதில் தடித்த பட்டு நூலைக் கோத்து வெளியே விட்டுவைப்பதை நான் விரும்புகிறேன். கழற்றிய டிரையல் பாகங்கள் எல்லாம் தனி டிரேக்குப் போக வேண்டும், காயம் மூடும் முன் ஸ்பாஞ்சுகளோடு அவையும் எண்ணப்பட வேண்டும்.

ஸ்டெம் இறங்கிய பின் இன்னொரு முறை

உண்மையான ஸ்டெம்மின் மேற்பூச்சு ப்ரோச்சைவிடச் சற்றுப் பருமன் என்பதால் அது ஓரிரு மில்லிமீட்டர் மேலேயே நின்றுவிடலாம். ஆகவே ஸ்டெம் இறங்கியதும் அதன்மேல் டிரையல் ஹெட்டை வைத்து மறுபடி பார்க்க வேண்டும்; நேரமாகிறது என்று இதைத் தவிர்க்க நினைக்கும் நாளில்தான் இது தேவைப்படும். இந்த முறை நான் பிளாஸ்டிக் ஹெட்டையே தருவேன், உலோகம் உராய்ந்து டேப்பரில் கீறல் விழக் கூடாது என்பதற்காக. கடைசி ஹெட்டைப் பொருத்தும் முன் டேப்பரைக் கழுவித் துடைத்து உலர்த்துவதற்குச் சுத்தமான துணியை நீங்களே நீட்டுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு, ஊட்டியில் ஒரு சிறிய மருத்துவமனையில் பணிபுரியும் தங்கை ஒருவர், தங்கள் பிளாஸ்டிக் டிரையல்களைப் பழைய செங்குத்து ஆட்டோகிளேவில் அழுத்தமானியின் முள் 15 பவுண்டு காட்டும்படி வைத்து எடுப்பதாக எழுதினார். இது மலையில் இருப்பவர்கள் அனைவரும் அறிய வேண்டியது. 15 பவுண்டுக்கு 121 டிகிரி என்பது கடல் மட்டத்துக் கணக்கு. சுமார் 2240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் வெளிக்காற்றின் அழுத்தமே ஏறக்குறைய 3.5 பவுண்டு குறைவு என்பதால், முள் 15-இல் நிற்கும்போது உள்ளே வெப்பம் 117 டிகிரியை ஒட்டியே இருக்கும். 121 வர முள் ஏறத்தாழ 18.5-ஐக் காட்ட வேண்டும். வால்வை நீங்களே திருகிவிடாதீர்கள், கருவிப் பொறியாளரை அழையுங்கள். அதுவரை செட்டை வெப்பநிலையால் இயங்கும் கருவி உள்ள மருத்துவமனையில் கிருமிநீக்கம் செய்து கொண்டுவாருங்கள். பெட்டியின் வெளியே ஒட்டும் டேப்பை மட்டும் நம்பாமல் உள்ளேயும் ஓர் இண்டிகேட்டர் வைத்துப் பாருங்கள்.

அவரே இன்னொன்றும் கேட்டார்: மெல்லிய விரிசல் விழுந்த டிரையல் ஹெட்டை இன்னும் எத்தனை முறை பயன்படுத்தலாம்? ஒருமுறைகூட வேண்டாம். நகத்தால் வருடிப் பார்த்து விரிசல் தட்டுப்பட்டால், அந்த ஹெட்டில் சிவப்பு நாடா கட்டி, அளவை எழுதி, மலையிறங்கும் பிரதிநிதியின் கையில் அன்றே கொடுத்துவிடுங்கள். பட்டியலில் அந்த வரியில் அவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.