கல்லூரி பேஸ்பாலில் பிட்சிங் கோச் (பந்து வீசும் பிட்சர்களின் பயிற்சியாளர்) ஆகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற பருவத்தில் எங்கள் அணியில் சேர்ந்த இளம் உதவியாளர் ஒருவர், வெள்ளிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் கணக்கு அட்டையை என்னிடம் நீட்டி, "இந்த இடக்கைப் பிட்சர் இன்று ஒரு பந்துகூட வீசவில்லை, நாளைக்குத் தாராளமாக இறக்கலாம்" என்றார். இதே சொற்களை ஒரு காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். ஆட்டக்காரர்களிடம் எரிந்து விழுவது, ஆள்சேர்ப்புப் பயணங்களைத் தட்டிக்கழிப்பது போன்றவை எவருக்கும் தெரிந்த தவறுகள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆட்டத்தில் வீசிய பந்துகளை மட்டும் எண்ணுவது

அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் டிவிஷனில் பிப்ரவரி நடுவில் தொடங்கும் பருவத்தில் 56 ஆட்டங்கள் வரை உண்டு. வாரக் கடைசியில் மூன்று நாளும் ஆட்டம், பெரும்பாலும் இடையில் செவ்வாய்க்கிழமை இன்னொன்று. ஒரு பிட்சர் இத்தனை பந்துகளுக்கு மேல் வீசக்கூடாது என்று கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு வரம்பு எதையும் விதிக்காததால், அந்தப் பொறுப்பு முழுவதும் பயிற்சியாளர் தலையில் விழுகிறது. 2014இல் வெளிவந்த 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டுதல் 19 முதல் 22 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாளில் 120 பந்துகளை உச்சமாக வைக்கிறது. நல்ல அளவுதான், ஆனால் அது ஆட்டத்தில் வீசிய பந்துகளின் கணக்கு, புல்பென்னில் (மாற்றுப் பிட்சர்கள் ஆயத்தமாகும் இடத்தில்) உடலைச் சூடாக்க வீசியவை அதில் வருவதில்லை.

நான் கெடுத்தது அங்கேதான். ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் அணியின் மாற்றுப் பிட்சரான ஒரு பையனை ஆட்டத்தில் இறங்க ஆயத்தமாகும்படி மூன்று முறை எழுப்பி, ஒவ்வொரு முறையும் இருபது இருபத்தைந்து பந்துகளை ஏறக்குறைய முழு வேகத்தில் வீசவைத்து, பிறகு மூன்று முறையும் உட்காரச் சொன்னேன். அட்டையில் அவர் பெயருக்கு எதிரே சுழியம். சனிக்கிழமை 41 பந்துகள் வீசினார். ஞாயிறன்று தலைமைப் பயிற்சியாளர் கேட்டபோது, "முடியும்" என்று நான்தான் பதில் சொன்னேன். எட்டாவது இன்னிங்ஸில் (ஆட்டத்துக்கு வழக்கமாக ஒன்பது) ஒரு ஸ்லைடரை, அதாவது பக்கவாட்டில் விலகும் பந்தை, வீசிவிட்டு அவர் கையை உதறினார். முழங்கையின் உட்புறத் தசைநார் கிழிந்திருந்தது.

இந்தத் தசைநாரைச் சரிசெய்ய 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் செய்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு பிட்சர் டாமி ஜான் 1989 வரை ஆடினார் என்று எல்லோரும் ஆறுதல் சொல்வார்கள். இந்தப் பையனோ தொழில்முறை அணிகள் தேர்ந்தெடுக்கும் மூன்றாம் ஆண்டில் இருந்தார். மீண்டு வர ஓராண்டுக்கு மேல் ஆனது, அவரை யாரும் அழைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் புல்பென்னுக்குத் தொலைபேசியில் சொன்னவன் நானே என்பது இன்றும் என்னை எரிச்சலூட்டுகிறது.

2009இல் டெக்சாஸ் பல்கலைக்கழக அணிக்காக ஆஸ்டின் வுட் 25 இன்னிங்ஸ் நீண்ட ஆட்டத்தில் 169 பந்துகள் வீசியதை இன்றும் அதிர்ச்சியோடு பேசுகிறார்கள். அந்த எண் ஏட்டில் இருந்ததால் பேசுகிறார்கள்; என் பையனின் எழுபது பந்துகள் எந்த ஏட்டிலும் இல்லை.

இப்போது புல்பென்னில் ஒரு மாணவர் எண்ணும் கருவியோடு நிற்கிறார். கேட்ச்சர் குந்தி உட்கார்ந்த பிறகு வீசும் ஒவ்வொரு பந்தும் கணக்கில் ஏறுகிறது. இரண்டு முறை எழுந்து உட்கார்ந்தவருக்கு அன்றைய வேலை முடிந்தது. தலைமைப் பயிற்சியாளர் முறைத்தாலும் சரி.

முதல் மாதத்திலேயே பிட்சர் வீசும் கைக்கோணத்தை மாற்றுவது

வேண்டாம்.

கருவிகளே வேலை வாங்கித் தரும் என்று நம்புவது

2018இல் வெஸ் ஜான்சன் ஆர்கன்சா பல்கலைக்கழகத்திலிருந்து நேராக மினசோட்டா ட்வின்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் பிட்சிங் கோச்சாகப் போனதிலிருந்து, பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் அளக்கும் ட்ராக்மேன், ராப்சோடோ கருவிகளின் அட்டவணைகளைக் கட்டுக்கட்டாகச் சுமந்துகொண்டு நேர்முகத்துக்கு வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அதற்கு முன் டல்லாஸ் பாப்டிஸ்ட், மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகங்களில் அவர் வேலை பார்த்த ஆண்டுகளை எவரும் விசாரிப்பதில்லை.

சம்பளத்தைக் கேட்காமல் சேருவது

2023 ஜூலைக்கு முன் மூன்றாம் உதவிப் பயிற்சியாளர் ஊதியமில்லாத் தன்னார்வலராக மட்டுமே இருக்க விதி அனுமதித்தது. அந்தத் தடை நீங்கிவிட்டது. ஆனால் ஊதியம் தந்தே ஆகவேண்டும் என்று விதி சொல்லவில்லை. தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டால் உங்கள் ஒப்பந்தம் என்னவாகும் என்பதையும் அதே சந்திப்பில் கேளுங்கள்.