வீட்டில் பேய்ப்படம் பார்க்க: இருட்டையும் நிசப்தத்தையும் சரிசெய்வது எப்படி?

பேய்ப்படத்துக்கு மூலதனம் இரண்டு: இருட்டு, நிசப்தம். வீட்டில் ஓடிடியில் பார்க்கும்போது முதலில் அடிபடுவதும் இவை இரண்டும்தான். கன்னங்கரேலென்று இருக்க வேண்டிய மூலை சாம்பல் பூத்துக் கட்டம் கட்டமாகத் தெரியும். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்க வேண்டிய இடத்தில் மின்விசிறிதான் கேட்கும். தியேட்டரில் நடுங்க வைத்த படம் வீட்டில் சப்பென்று போனால், படத்தைக் குறை சொல்லும் முன் அறையையும் டிவியையும் பாருங்கள். அரை மணி நேரம் ஒதுக்கி ஒருமுறை சரிசெய்தால் போதும், பெரும்பாலான படங்களுக்கு அதே அமைப்பு ஒத்துவரும்.

அறை

திரைக்கு எதிரே ஜன்னலோ விளக்கோ இருக்கக் கூடாது. இருட்டுக் காட்சி வந்ததும் திரை கண்ணாடியாகிவிடும். பேய்க்குப் பதில் நீங்கள் உட்கார்ந்திருப்பதுதான் தெரியும். படம் தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே விளக்கை அணைத்துவிடுங்கள். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒரே ஒருமுறை ஃபோனை எடுத்துப் பார்த்தாலும் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். அதனால் ஃபோனைக் கவிழ்த்து வைப்பதைவிட வேறு அறையில் வைப்பது நல்லது.

கும்மிருட்டில் கண் வலித்தால் எதிரே விளக்குப் போடாதீர்கள்; டிவிக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி, மங்கலான ஒரு எல்இடி பட்டையை ஒட்டுங்கள். 6500 கெல்வின் வெள்ளை ஒளி சரியாக இருக்கும். பின்சுவரில் லேசான வெளிச்சம் இருந்தால் திரையின் கறுப்பு இன்னும் ஆழமாகத் தோன்றும், சாதாரண எல்இடி டிவிகளில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். ரூட்டர், செட்டாப் பாக்ஸில் மின்னும் சின்ன விளக்குகளைக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் மூடிவிடுங்கள்.

55 அங்குல டிவி என்றால் ஏறத்தாழ 1.7 முதல் 2.25 மீட்டர் தூரத்தில் உட்காருங்கள். அதைவிடத் தள்ளிப் போனால் காட்சியின் பின்புலத்தில் மெல்ல அசையும் உருவம் கண்ணில் படாமலே போய்விடும்.

டிவி

நிறத்தையும் வெளிச்சத்தையும் தூக்கிக் காட்டும் விவிட் மோடை விட்டு வெளியே வாருங்கள். மூவி, சினிமா, ஃபிலிம்மேக்கர் மோடு ஆகியவற்றில் எது இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். ஃபிலிம்மேக்கர் மோடு, டிவி மற்றும் பட நிறுவனங்களின் கூட்டமைப்பான யூஎச்டி அலையன்ஸ் 2019-ல் அறிவித்தது. அசைவை வழவழப்பாக்க இடையில் பிரேம் செருகும் மோஷன் ஸ்மூத்திங்கை அது தானே அணைத்துவிடும். மற்ற மோடுகளில் அதை நீங்களே தேடி அணைக்க வேண்டும், கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். பெரும்பாலான படங்கள் நொடிக்கு 24 பிரேம். டிவி இடையில் தானாகப் பிரேம்களைச் செருகினால் படம் சீரியல் போல வழுக்கும், சட்டென்று கடந்து போகும் நிழலின் வெடுக்கு மழுங்கிவிடும். மின்சார சிக்கனம், அறை வெளிச்ச சென்சார், காட்சிக்குக் காட்சி வெளிச்சத்தை மாற்றும் டைனமிக் கான்ட்ராஸ்ட் மூன்றையும் அணையுங்கள். அறையை இருட்டாக்கியதும் சென்சார் திரையையும் மங்கலாக்கிவிடும்.

பலர் தடுக்கி விழும் இடம் பிரைட்னஸ். காட்சி இருட்டாக இருக்கிறதே என்று அதைத்தான் முதலில் ஏற்றுகிறோம். பல டிவிகளில் அந்தப் பெயரில் இருப்பது கறுப்பு எவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும் என்ற அளவு. ஒளியைக் கூட்டுவது பேக்லைட். சில கம்பெனிகள் பெயரை மாற்றி வைத்திருக்கின்றன. ஏற்றும்போது படத்தின் மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டை சாம்பலாகிறதா என்று பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும்.

சோதிப்பது இப்படி. மேலும் கீழும் கறுப்புப் பட்டை உள்ள ஒரு படத்தில், இருட்டு அறையில் கறுப்புக் கோட்டு போட்டவர் நிற்கும் காட்சி போல ஒன்றை நிறுத்துங்கள். பல ஆப்களில் படத்தை நிறுத்தியதும் மேலே ஒரு மங்கல் திரை விழும், அது மறையும்வரை பொறுங்கள். கோட்டின் மடிப்பே தெரியாமல் கறுப்பு அப்பிக் கிடந்தால் கறுப்பின் அளவை ஒவ்வொரு புள்ளியாக ஏற்றுங்கள். மடிப்பு தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். பட்டை சாம்பலாகத் தொடங்கினால் தாண்டிவிட்டீர்கள். ஒன்றிரண்டு புள்ளி இறக்குங்கள். எச்டிஆர் (இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே அதிக வீச்சு உள்ள பதிப்பு) படங்களுக்கு டிவி தனி அமைப்பை வைத்திருக்கும். அதனால் எச்டிஆர் படம் ஓடும்போது இதே வேலையை இன்னொருமுறை செய்ய வேண்டும்.

எவ்வளவு திருகியும் கறுப்பு வெளிறியோ அப்பியோ இருந்தால், ஸ்ட்ரீமிங் ஸ்டிக் அல்லது கணினிக்கும் டிவிக்கும் இடையே ஹெச்டிஎம்ஐ ரேஞ்ச் (கறுப்பு முதல் வெள்ளை வரையிலான எண் வரம்பு) பொருந்தாமல் இருக்கலாம். வீடியோவில் கறுப்பு 16, வெள்ளை 235. கணினியில் 0, 255. இரண்டு பக்கமும் லிமிடெட் என்றோ ஆட்டோ என்றோ ஒன்றாக வையுங்கள்.

கட்டம் கட்டமாக உடைந்தால்

இது டிவியின் கோளாறாக இல்லாமல் இணையத்தின் கோளாறாக இருக்கலாம். வேகம் குறைந்தால் படத்தை நசுக்கி அனுப்பும் முறை இருட்டுப் பகுதியின் நுணுக்கத்தைத்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். 8-பிட் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், இருட்டுக்குக் கிடைப்பது அதில் சிறு பங்கு. அதனால்தான் டார்ச் வெளிச்சம் சுவரில் மங்கிப் போகும் இடத்தில் வரி வரியாகத் தெரிகிறது. எச்டிஆர் படங்கள் வழக்கமாக 10-பிட், அதில் 1024 படிகள். டிவியும் சந்தாவும் இடம்கொடுத்தால் எச்டிஆர் பதிப்பையே பாருங்கள்.

நெட்ஃபிளிக்ஸ் 1080பி-க்கு 5 எம்பிபிஎஸ், 4கே-க்கு 15 எம்பிபிஎஸ் பரிந்துரைக்கிறது. வைஃபை தடுமாறினால் ஈதர்நெட் கேபிள் போடுங்கள். டிவியின் போர்ட் 100 எம்பிபிஎஸ் ஆனாலும் தாராளம். ஆப்பிலோ கணக்கிலோ டேட்டா சேவர் இயக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபோனில் எப்போதும் மங்கலாகவே இருந்தால் அதன் வைட்வைன் (திருட்டு நகலைத் தடுக்கும் பூட்டு) நிலை எல்3 ஆக இருக்கலாம். அதில் பல சேவைகள் 480பி-க்கு மேல் கொடுப்பதில்லை. பல நேரம் படம் முதல் சில நொடிகள் குறைந்த தரத்தில்தான் தொடங்கும். ஒரு நிமிடம் ஓடவிட்டு, மறுபடி தொடக்கத்துக்குப் போங்கள்.

சத்தம்

கிசுகிசுப்பு கேட்கவில்லை என்று ஏற்றுவோம், அடுத்த நொடி அலறல் காதைக் கிழிக்கும், இறக்குவோம். படம் முழுக்க ரிமோட்டும் கையுமாகவே போகும், பயப்பட நேரம் இருக்காது. காரணம், ஒலியை ஆறு தடங்களாகப் பிரித்துத் தியேட்டருக்காகக் கலந்திருக்கிறார்கள். டிவியின் இரண்டு குட்டி ஸ்பீக்கருக்குள் அதைத் திணிக்கும்போது வசனம் மற்ற ஓசைகளோடு கலந்து மங்கும், அடிவயிற்றில் உறுமும் தடம் பெரும்பாலும் விடுபட்டே போகும்.

இந்த ஆறு தடத்துக்கான 5.1 ஸ்பீக்கர் இல்லையென்றால் ஆடியோ மெனுவில் ஸ்டீரியோ தடம் இருக்கிறதா என்று பாருங்கள், வசனம் தெளியும். பிறகு அமைதியான ஒரு உரையாடலை ஓடவிட்டு, முன்னால் சாயாமல் கிசுகிசுப்பு கேட்கும் அளவுக்கு வால்யூமை வையுங்கள். அப்புறம் ரிமோட்டைத் தொடாதீர்கள். நைட் மோடு கடைசி வழி. அது சின்னச் சத்தத்தை உயர்த்திப் பெரிய சத்தத்தை அமுக்கிவிடும், திடுக்கிடலே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. பக்கத்து அறையில் ஆள் தூங்கினால் ஹெட்ஃபோன் நல்லது. ஒயர் உள்ளதாக இருக்கட்டும். புளூடூத்தில் ஒலி 100 முதல் 200 மில்லிநொடி பிந்தலாம். கதவு அறைந்து சாத்திய பிறகு சத்தம் வந்தால் காட்சியே வீண். ஒயர் இல்லையென்றால் டிவியில் லிப் சிங்க் அமைப்பைத் திருத்துங்கள்.

முடிந்தவரை மூல மொழியில் பாருங்கள். டப்பிங்கில் மூச்சும் முனகலும் ஸ்டுடியோவில் மறுபடி பதிவானவை. அந்த அறையின் எதிரொலி அதில் இருப்பது அரிது. சப்டைட்டிலில் 'சிசி' என்று இருப்பதைத் தவிருங்கள். காது கேளாதவர்களுக்கு அது அவசியம், மற்றவர்களுக்கோ 'கதவு கிறீச்சிடுகிறது' என்று முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். எழுத்தின் நிறத்தை வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு மாற்றி, அளவைக் குறையுங்கள். இருட்டில் பளிச்சென்ற வெள்ளை எழுத்து கண்ணைத் தன் பக்கமே இழுக்கும்.

பிளே அழுத்தும் முன்

கூட்டமாகப் பார்க்கத் திடுக்கிட வைக்கும் படம் எடுங்கள். மெல்லப் பயம் ஏறும் படத்தைத் தனியாகவோ, பேசாமல் பார்க்கும் ஒருவரோடோ பாருங்கள். ஓட்டிப் பார்க்கும் பட்டையைத் தொட்டால் குட்டிப் படங்கள் கதையைச் சொல்லிவிடும். தவறவிட்ட வசனத்துக்குப் பத்து நொடி பின்னே போகும் பட்டன் போதும். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் வெளிச்சம் வெட்டி வெட்டி அடித்தால் ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்து. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் படத்தின் எச்சரிக்கைக் குறிப்பைப் படிக்காமல் தொடங்காதீர்கள். மிருக வதை, குழந்தை மரணம் போன்றவை தாங்காது என்றால் 'டஸ் த டாக் டை' தளத்தில் படத்தின் பெயரைப் போட்டால் தெரிந்துவிடும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் அவர்களுக்கு வயது வரம்போடு தனி புரொஃபைல் வையுங்கள், உங்களுடைய புரொஃபைலுக்கு ரகசிய எண் (PIN) போடுங்கள். முகப்பில் டிரெய்லர் தானாக ஓடுவதை நிறுத்துங்கள். பார்த்து முடித்ததும் பார்த்தவை பட்டியலிலிருந்து படத்தை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் காலை கார்ட்டூன் போட டிவியை ஆன் செய்யும்போது, நேற்று இரவு பார்த்த அதே முகம்தான் திரையில் முதலில் வந்து நிற்கும்.